வாழ்வும் தாழ்வும் ஒரு நோட்டில்: சபைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

எங்கள் பக்கத்தில் ஒருவர் மாடி வீடு கட்டி, சபைப் போதகரான ஐயரைக் கூப்பிட்டு வீட்டுப் பிரதிஷ்டை வைத்தால், ஜெபம் முடிந்து பந்தியில் உட்காரும்போதே பேச்சு வந்துவிடும். "அவியள ஆண்டவர் நல்லா ஆசீர்வதிச்சிருக்காரு." அதே ஆள் நாலு வருஷம் கழித்துக் கடனில் விழுந்து வீட்டை விற்றால், "என்ன சோதனையோ, பாவம்" என்று அதே வாய் இறங்கிவிடும். சபைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஆசீர்வாதம் என்ற சொல்லை இந்தப் பந்திப் பேச்சிலிருந்துதான் படிக்கிறார்கள். அதனால் முதல் அடி விழும்போது திகைத்துப்போகிறார்கள். "ஞானஸ்நானம் எடுத்து மூணு மாசத்துல வேல போயிட்டு டீச்சர், நான் என்ன தப்பு பண்ணினேன்?" என்று ஒரு தம்பி என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டான். அவனுக்கு அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. பிறகு பல வருஷம் பலரோடு பேசிப் பார்த்ததில் தெளிந்ததை இங்கே எழுதுகிறேன்.

நான் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சபைச் சேகரத்தில் வியாழக்கிழமை வீட்டு ஜெபக்குழு நடத்துகிறவள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை. இறையியல் படித்தவள் கிடையாது.

எனக்குத் தைரியம் கொடுத்தது வேதாகமத்தில் பிலிப்பியர் 4-ஆம் அதிகாரம். அப்போஸ்தலன் பவுல் காவலில் இருந்து எழுதிய கடிதம் அது. "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்" என்கிறார். அதற்கு முந்தின வசனத்தைக் கவனியுங்கள். எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்கக் "கற்றுக்கொண்டேன்" என்கிறார். பவுலுக்கே அது பிறவியில் வரவில்லை. கற்றுக்கொண்டால் வரும் என்றால், நாமும் ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்கலாம்.

முதலில் அழுங்கள்

புதியவர்கள் செய்கிற முதல் தவறு, அடி விழுந்த அன்றைக்கே கர்த்தருக்கு நன்றி என்று "ஸ்தோத்திரம்" சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பது. சொல்லாவிட்டால் விசுவாசம் குறைந்துவிட்டதாகப் பயம். பக்கத்தில் நிற்கிறவர்களும் "அழாதிய, ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்று அவசரப்படுத்துவார்கள். வேண்டாம்.

13-ஆம் சங்கீதத்தை எடுத்து வாசியுங்கள். ஆறே வசனம்தான். எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று கர்த்தரிடமே சண்டைக்கு நிற்பதுபோல் ஆரம்பிக்கிறது. முதல் இரண்டு வசனத்துக்குள் நாலு முறை "எதுவரைக்கும்" என்று கேட்கிறது. கடைசி வசனத்தில்தான் பாட்டு வருகிறது. நடுவில் இருக்கிற வசனங்களைத் தாண்டிக் குதித்து அந்தப் பாட்டுக்குப் போக முடியாது. பெத்தானியாவில் இறந்துபோன சிநேகிதன் லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு கண்ணீர் விட்டார் என்று யோவான் 11 சொல்கிறது. இன்னும் சற்று நேரத்தில் அவனை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தவரே அழுதார். நாம் அழாமல் இருந்து யாரைவிடப் பெரியவர்களாகப் போகிறோம்?

அதனால் முதல் வாரம், முதல் மாதம், சிலருக்கு முதல் வருஷம், இந்தச் சங்கீதம் போதும். சத்தமாக வாசியுங்கள். வீட்டில் ஆட்கள் இருந்தால் மொட்டை மாடிக்குப் போங்கள், வாய்க்கால் கரைக்குப் போங்கள்.

ஒரு நோட்டு வாங்குங்கள்

இதுதான் என் முக்கியமான யோசனை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வாங்குகிற கோடு போட்ட நோட்டு போதும். செல்போனில் எழுத வேண்டாம். போன் தொலையும், மாற்றுவோம், பழையதைத் திருப்பிப் பார்க்க மாட்டோம்.

பக்கத்தின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுங்கள். இடது பக்கத்தில் தேதியும் நடந்த சம்பவமும். நல்லதும் அங்கேயே, கெட்டதும் அங்கேயே. விளக்கம் எழுதாதீர்கள். "சோதனை வந்தது" என்று எழுதக்கூடாது, "கடை வாடகை கொடுக்க முடியவில்லை, 6000 பாக்கி" என்று எழுதவேண்டும். "தேவன் ஆசீர்வதித்தார்" என்றும் வேண்டாம், "மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்தது" என்று எழுதுங்கள். வலது பக்கத்தை வெறுமையாக விடுங்கள். அது பிறகு நிரப்ப.

எப்போது நிரப்புவது? மூன்று மாதத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து பழைய பக்கங்களைப் புரட்டுங்கள். அந்தச் சம்பவத்திலிருந்து ஏதாவது முளைத்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தால், அதை மட்டும் எதிரில் எழுதுங்கள். தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். கற்பனை பண்ணி நிரப்பினால் நோட்டு கெட்டுவிடும்.

என் நோட்டிலிருந்தே ஒரு பக்கத்தைக் காட்டுகிறேன். 2023 டிசம்பர் 18. தாமிரபரணிக் கரையில் என் அண்ணன் வீடு. 17-ஆம் தேதி விடியவிடிய விடாத மழை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது, நான் ஒத்தாசைக்குப் போயிருந்தேன். வாசலில் நட்சத்திரம் தொங்குகிறது, உள்ளே முழங்கால் அளவு தண்ணீர், பிறகு இடுப்பளவு. பிசானப் பருவ நெல் நடவு முடிந்து களை எடுக்க வேண்டிய வயல் முழுக்க ஆறாகிவிட்டது. அப்பா காலத்துக் குடும்ப வேதாகமம், எல்லாருடைய பிறந்த தேதியும் கல்யாணத் தேதியும் முன்பக்கத்தில் மையால் எழுதியது, பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தது. எடுத்தபோது மை கரைந்து நீலத் தண்ணீராக வழிந்தது. அண்ணன் அதைக் கையில் பிடித்தபடி பேசாமல் நின்றார். இடது பக்கத்தில் நான் எழுதியது: "வயல் போயிற்று. வீட்டில் நாலடி தண்ணீர். அப்பா பைபிள் போயிற்று."

வலது பக்கம் எட்டு மாதம் சும்மா கிடந்தது. பிறகு எழுதினேன்: "பக்கத்து வீட்டு மதினி மாடிக்கு ஏற்றிக்கொண்டார்." ஒரு சுவர்த் தகராறில் அந்த வீட்டோடு ஆறு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. அந்த இரவில் மாடியிலிருந்து டார்ச் அடித்து, "மயினி, பிள்ளையள தூக்கிட்டு மேல வாங்க" என்று கூப்பிட்டது அந்த வீட்டுக்காரிதான். மூன்று நாள் அவர்கள் அடுப்பில்தான் கஞ்சி. இன்றைக்கு இரண்டு வீட்டுக்கும் நடுவில் அந்தச் சுவரில் ஒரு வாசல் இருக்கிறது.

இதை வைத்து வெள்ளம் நல்லது என்று நான் சொல்லமாட்டேன். அந்த வெள்ளத்தில் செத்தவர்கள் இருக்கிறார்கள், மண்மேடாகிப்போன வயல்கள் இருக்கின்றன. இடது பக்கத்தில் எழுதியதை நான் அழிக்கவில்லை. எதிரில் ஒரு வரி சேர்த்தேன், அவ்வளவுதான்.

யோசேப்பின் கதையில் இதே கணக்கு இருக்கிறது. அண்ணன்மார் அவனை அடிமையாக விற்கும்போது அவனுக்கு வயது 17. எகிப்து ராஜா பார்வோனுக்கு முன் நிற்கும்போது 30. ஏழு வருஷம் செழிப்பு, இரண்டு வருஷம் பஞ்சம் கழித்து, 39-ஆம் வயதில்தான் ஆதியாகமம் 45-இல் "தேவன் என்னை அனுப்பினார்" என்று அண்ணன்மாரிடம் சொல்கிறான். அந்த ஒரு வரிக்கு 22 வருஷம். அதற்கும் 17 வருஷம் கழித்து, தகப்பன் இறந்தபின், 50-ஆம் அதிகாரத்தில் மறுபடி பேசும்போதும், நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள் என்ற பாதியை அவன் விடவில்லை. தீமையைத் தீமை என்று சொல்லிவிட்டுத்தான் தேவன் அதை நன்மையாக முடியப்பண்ணினதைச் சொல்கிறான். இரண்டு பக்கமும் எழுதிய நோட்டு அது.

என் நோட்டில் வெறுமையாகவே கிடக்கிற இடமும் உண்டு. 2012-இல் என் தங்கச்சி இறந்தாள். அந்த வரிக்கு எதிரில் இன்றுவரை எதுவும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவும் இல்லை, ஆண்டவரும் கட்டாயப்படுத்தவில்லை என்றே நம்புகிறேன்.

ஸ்தோத்திரத்தைச் சில்லறையாகச் சொல்லுங்கள்

"எல்லாவற்றுக்காகவும் ஸ்தோத்திரம்" என்று மொத்தமாகச் சொல்லிப் பழகினால் வாய்க்கு மட்டும் பழக்கம் வரும். ராத்திரி குடும்ப ஜெபத்தில் ஆளுக்கு மூன்று, அன்றைக்கு நடந்தவை மட்டும். "மருந்துக் கடைக்காரர் கடன் கொடுத்தார்." "தண்ணி வந்தது." "அத்தை போன்ல சிரிச்சாவ." சின்னப் பிள்ளைகள் இதில் நம்மைவிடக் கெட்டி. என் பேத்தி ஒருநாள் "இன்னைக்கு கணக்கு டீச்சர் வரல, ஸ்தோத்திரம்" என்றாள். நான் திருத்தவில்லை.

ஒரு சந்தேகம் வரும். 1 தெசலோனிக்கேயர் 5:18 எல்லா"வற்றிலேயும்" ஸ்தோத்திரம் செய்யச் சொல்கிறது, எபேசியர் 5:20 எல்லா"வற்றிற்காகவும்" என்கிறது. எது? இரண்டும் வேதம்தான். புதியவர்கள் முதலாவதில் தொடங்குங்கள் என்பேன். நோயின் நடுவில் இருந்துகொண்டு, வந்து பார்த்துப்போன ஆளுக்காக, தூங்கிய இரண்டு மணி நேரத்துக்காக ஸ்தோத்திரம் சொல்ல முடியும். அந்த நோய்க்காகவே ஸ்தோத்திரம் சொல்கிற முதியவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் பொய் சொல்லவில்லை என்பதும் தெரியும். ஆனால் அவர்கள் அங்கே போய்ச் சேர எத்தனை வருஷம் ஆனது என்று கேட்டுப் பாருங்கள்.

வாழ்வு காலத்துக்கும் பயிற்சி உண்டு

எல்லாரும் தாழ்வைப் பற்றியே கேட்கிறார்கள். பிரசங்கி 7:14, வாழ்வுகாலத்தில் நன்மையை அநுபவித்திரு என்றும் தாழ்வுகாலத்தில் சிந்தனைசெய் என்றும் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது. அநுபவிப்பதும் கட்டளைதான். மகனுக்கு வேலை கிடைத்தால் சந்தோஷமாகப் பாயசம் வையுங்கள். கண் பட்டுவிடும் என்று பயந்து ஒளித்து வைப்பது நம் ஊர்ப் பழக்கம், விசுவாசத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அநுபவிக்கும்போது மறந்துபோகிற ஆபத்துக்கு நம் சபைகளிலேயே மருந்து இருக்கிறது. ஒன்று கைப்பிடி அரிசி. உலை வைக்க அரிசி அளக்கும்போது ஒரு கைப்பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவது. சேர்ந்ததைச் சபைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பழைய காலத்துப் பழக்கம் என்று பலர் விட்டுவிட்டார்கள். பணமாகக் கொடுத்தால் மாதம் ஒரு தடவை நினைப்போம், அரிசி என்றால் உலை வைக்கும் ஒவ்வொரு வேளையும் கை நினைக்கும். ரேஷன் அரிசி பொங்குகிற வீட்டிலும் அந்தக் கைப்பிடிக்கு இடம் உண்டு என்பதால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை.

இன்னொன்று ஸ்தோத்திரப் பண்டிகை. சபைக்குச் சபை மாதம் மாறும், உங்கள் சபையில் எப்போது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை போகிறவர்கள் ஏலத்தைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். வாழைத்தார், தேங்காய், முருங்கைக்காய், கருப்பட்டி, கோழி, முட்டை என்று அவரவர் வீட்டு விளைச்சலைக் கொண்டுவந்து ஆலயத்தில் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரு எலுமிச்சம்பழம் 500 ரூபாய்க்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். போன வருஷம் ஒரு பாட்டி, புருஷனை இழந்து ஒற்றைக் கோழியோடு இருக்கிறவர், முந்தானையில் முடிந்து ஒரு முட்டை கொண்டுவந்தார். ஏலம் போடுகிறவர் அதை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிக் காட்டியதும் சத்தம் அடங்கியது. பிறகு விலை ஏறிக்கொண்டே போனது. வாங்கியவர் அந்த முட்டையைத் திருப்பிப் பாட்டி கையிலேயே கொடுத்தார். பாட்டி அதை மறுபடியும் கொண்டுபோய் ஏல மேசையில் வைத்துவிட்டார்.

நீங்கள் விவசாயி இல்லையென்றால் சும்மா போகாதீர்கள். தையல் தெரிந்தால் ஒரு தலையணை உறை, கடை வைத்திருந்தால் ஒரு டஜன் சோப்பு. அசனத்துக்கும் இருங்கள். பெரிய அண்டாவில் பொங்கிய சோற்றைப் பணக்காரர், ஏழை எல்லாரும் ஒரே பந்தியில் சாப்பிடுவது அன்றைக்குத்தான்.

ஒருநாள் ஊர் சுற்றுங்கள்

நம் நெல்லைச் சீமை முழுக்க வாழ்வும் தாழ்வும் கல்லாக நிற்கிறது. பாளையங்கோட்டையில் கிளாரிந்தா கட்டிய ஆலயத்திலிருந்து தொடங்குங்கள். மராட்டியப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து விதவையான பெண் அவர். ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு மணமாகாமல் வாழ்ந்ததால், மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்துவிட்டார். அந்த அதிகாரியும் இறந்தபின் 1778-இல் கொடுத்தார். 1780-இல் பாளையங்கோட்டைச் சபையின் பதிவேட்டில் இருந்தது 40 பேர். 1785-இல் கிளாரிந்தா ஆலயத்தைக் கட்டி முடித்தார். ஊரார் அதைப் பாப்பாத்தியம்மாள் கோவில் என்றார்கள். புருஷனை இழந்தவள், சொந்தக்காரர் ஒதுக்கியவள், சபை வாசலிலும் முதலில் நிறுத்திவைக்கப்பட்டவள். அவர் கட்டிய சுவருக்குள் போய்ப் பத்து நிமிஷம் சும்மா உட்காருங்கள்.

இன்னொரு நாள் இடையன்குடி. மிஷனெரி கால்டுவெல் ஐயர் 1841-இல் அங்கே வந்தார். அங்கே அவர் எழுப்பிய ஆலயத்தைக் கட்டி முடிக்க 33 வருஷம் ஆகி, 1880-இல்தான் பிரதிஷ்டை நடந்தது. நடுவில் 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். 1891-இல் கொடைக்கானலில் இறந்தவரை இடையன்குடிக்கே கொண்டுவந்து அந்த ஆலயத்துக்குள் அடக்கம் செய்தார்கள். என் காரியம் இந்த மாதமே நடக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களை நான் அங்கேதான் கூட்டிக்கொண்டு போவேன்.

களக்காட்டுப் பக்கம் டோனாவூர். ஆதரவற்ற பிள்ளைகளை எடுத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மா 1931-இல் விழுந்து அடிபட்டு, 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் ஒரே அறையில்தான் இருந்தார். ஏறக்குறைய இருபது வருஷம். தூக்கமில்லாத இரவுகளும் வலியும் இருந்தன. எழுதிக்கொண்டும் இருந்தார். அவர் விருப்பப்படி கல்லறைக்குக் கல் வைக்கவில்லை, பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி இருக்கிறது. ஆஸ்பத்திரி இருக்கிற, ஆட்கள் வாழ்கிற இடம் அது, போட்டோ எடுக்கப் போகிற இடமாக நினைக்க வேண்டாம்.

எதை ஆசீர்வாதம் என்று சொல்லக்கூடாது

குடித்துவிட்டு அடிக்கிற புருஷனைப் பொறுத்துக்கொண்டு இருப்பது சிலுவை, அதில் ஆசீர்வாதம் உண்டு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிள்ளைகளோடு அந்த வீட்டை விட்டு வெளியே வாருங்கள், 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், பிறகு ஜெபிக்கலாம். சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் விசுவாசத்தின் பேரில் நிறுத்தாதீர்கள். வாரக்கணக்கில் தூக்கம் வராமல், சாக வேண்டும்போல் தோன்றினால் அது பாவமும் இல்லை, விசுவாசக் குறைவும் இல்லை. மனநல மருத்துவரிடம் போங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாவைக் கேட்டபோது, தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்க விட்டான்.

புது வருஷ ஆராதனையில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல பழக்கம்தான், நானும் எடுக்கிறேன். அட்டையில் வந்த வசனத்தை லாட்டரிச் சீட்டுபோல் பிடித்துக்கொண்டு, டிசம்பரில் நடக்கவில்லை என்று ஆண்டவரோடு கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த வசனம் இருக்கிற அதிகாரத்தை முழுதாக வாசியுங்கள்.

மற்றவர் தாழ்வில்

இந்தப் பார்வையை உங்கள் வாழ்க்கைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் நோட்டின் வலது பக்கத்தை நாம் நிரப்பக்கூடாது. நான் இதைத் தவறு செய்துதான் படித்தேன். கணவனை விபத்தில் இழந்த ஒரு பெண், இருபத்தெட்டு வயது, மடியில் கைக்குழந்தை. அவள் கையைப் பிடித்து, "சகலமும் நன்மைக்குத்தாம்மா நடக்கும்" என்றேன். அவள் மெதுவாகக் கையை உருவிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த வசனம், ரோமர் 8:28, பொய் இல்லை. அதை அன்றைக்கு அவளுக்குச் சொல்ல நான் யார்?

யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். வாய் திறந்து அவனைக் குற்றம் சாட்டும்வரை நன்றாகத்தான் செய்தார்கள்.

இப்போதெல்லாம் துக்க வீட்டுக்கு ஒரு பிளாஸ்க்கில் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி கொண்டு போகிறேன். பாயில் உட்காருவேன். கிடக்கிற பாத்திரத்தைக் கழுவுவேன். அடக்கம் முடிந்து பத்தாம் நாள் வாக்கில் கூட்டம் குறைந்துவிடும், அன்றைக்கு மறுபடி போவேன். இறப்புச் சான்றிதழ் வாங்க, ரேஷன் கார்டில் பெயர் எடுக்க, பாங்கில் கையெழுத்துப் போட என்று அலைய வேண்டியிருக்கும், துணைக்கு ஆள் இருக்காது. ஆதார் நகலை நாலு பிரதி எடுத்துக்கொண்டு, குழந்தையை நான் இடுப்பில் வைத்துக்கொண்டு, கையை உருவிக்கொண்ட அந்தப் பெண்ணைத் தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப் போனது அந்த இரண்டாம் தடவையில்தான். பஸ்ஸில் வரும்போது, "டீச்சர், நீங்க அன்னைக்கு சொன்ன வசனம் எங்க இருக்கு?" என்று அவளாகவே கேட்டாள்.